அப்புறம் கேட்கிற உத்தியோகம்

நான் கம்ப்யூட்டரைத் தொட்டது கிடையாது. ஆனால் நாலு வருஷமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்த்து வருகிறேன். நம்பாதவர்கள் குன்னூர்ப் பக்கம் வந்தால் என் மேல்வீட்டில் வேலை செய்யும் மூன்று பேரையும் தாராளமாகக் கேட்டுக்கொள்ளலாம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு சரி. பஸ் போர்டு படிப்பேன், மருந்துச் சீட்டில் என் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன், அவ்வளவுதான். இதை நோட்டில் எழுதி முடிக்க இரண்டு மாதம் பிடித்தது. டைப் அடித்துக் கொடுத்த பெண், ஏஐயிடம் ஒருமுறை கொடுத்தால் நொடியில் சீர்பண்ணித் தந்துவிடும் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். எழுத்துப் பிழையை நீ திருத்து, மற்றதை யாரும் தொடவேண்டாம் என்றேன். என் அரிசியில் கல் கிடந்தாலும் அது என் அரிசியின் கல்.

எங்கள் பக்கம் வீடு சரிவில்தான் நிற்கும். ரோட்டுக்குச் சமமாக இருப்பது மேல்வீடு. பக்கவாட்டில் பதினோரு படி இறங்கினால் கீழ்வீடு. கீழ்வீட்டில் நான், என் அடுப்படி, ஒரு பூனை. மேல்வீட்டை வெப்சைட் செய்கிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். மூன்றே பேர். பெரியவர் கோயமுத்தூர்க்காரர், தாடி வைத்தவர், அந்த ஆபீசே அவருடையதுதான். அடுத்தது அருவங்காட்டுப் பெண், அப்பா அங்கே பேக்டரியில் வேலை. மூன்றாவது ஆள் காதில் பாட்டுக் கேட்கிற பெரிய கருவி மாட்டியிருப்பார். அதைக் கழற்றி நான் பார்த்தது இரண்டு தடவைதான், அதில் ஒன்று முடி வெட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு. மூன்று பேரும் என்னை ஓனரம்மா என்பார்கள்.

என் உத்தியோகம் தொடங்கியது ஒரு மழை நாளில். டீ கொண்டுபோனேன். டீத்தூள் விஷயத்தில் நான் யாரையும் நம்புகிறதில்லை, அதனால் அவர்களுக்கும் நானே போட்டுக் கொடுத்துவிடுவது. தாடிக்காரர் குளவி கொட்டினவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னா விஷயம் என்று கேட்டேன். எனக்கு ஒன்றும் புரியாது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் மரியாதைக்காகச் சொன்னார். திரையில் ஒரு பெட்டி இருக்கிறது, அதில் ஒரு பட்டன், பட்டனை அழுத்தினால் பெட்டி மூடவேண்டும், மூடமாட்டேன் என்கிறது.

அப்புறம் என்றேன். மூடுகிற வேலைக்கு ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன் என்றார். அப்புறம் என்றேன். பட்டனை அழுத்தினால் அந்த வரியைக் கூப்பிட இன்னொரு வரி என்று ஆரம்பித்தவர், அப்படியே நின்றுவிட்டார். அந்த இன்னொரு வரியை அவர் எழுதவே இல்லையாம். டீயை வாங்காமல் திரும்பிக்கொண்டு தடதடவென்று தட்டினார். பெட்டி மூடியது.

இது எனக்குப் புது வித்தை இல்லை. நான் சிலோனிலிருந்து சின்னப் பிள்ளையாகக் கப்பலில் வந்தவள். இங்கே தோட்டத்தில் முப்பது வருஷம் பிள்ளைமடுவத்தில் வேலை பார்த்தேன். அம்மாமார் கொழுந்து எடுக்கப் போகும்போது குழந்தைகளை எங்களிடம் விட்டுப் போவார்கள். அழுதுகொண்டு வருகிற பிள்ளையிடம் ஏன் அழுகிறாய் என்று கேட்டால் அழுகை கூடும். அப்புறம் என்று கேட்கவேண்டும். மூன்றாவது அப்புறத்தில், யார் யாரை முதலில் கடித்தது என்பது தானாக வெளியே வந்துவிடும். பெரும்பாலும் அழுகிற பிள்ளைதான் கடித்திருக்கும்.

அன்றிலிருந்து அது ஆபீஸ் வழக்கமாகிவிட்டது. யாருக்கு வேலை சிக்கினாலும் "கீழ போய்ட்டு வர்றேன்" என்று பதினோரு படி இறங்கி வருவார்கள். என் அடுப்படியில் அதற்கென்று ஒரு முக்காலி போட்டேன். நான் பட்டாணி உரித்துக்கொண்டிருப்பேன், அவர்கள் சொல்லுவார்கள். இங்கிலீஷ் வார்த்தை சொன்னால் உரிப்பதை நிறுத்திவிட்டு முகத்தைப் பார்ப்பேன். உடனே அதையே கதவு, சாவி, பை, வரிசை என்று மாற்றிச் சொல்லுவார்கள். அப்படி மாற்றும்போதே பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

காட்டெருமை வேலியோடு சேர்த்து இணையக் கம்பியையும் இழுத்துப் போன வாரத்தில் மட்டும்தான் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பெருமையை மறைக்க எனக்குத் தெரியாது. மார்க்கெட்டில் காய் விற்கிறவளிடம் நான் கம்ப்யூட்டர் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மறுநாளே அவள் மகனுடைய லேப்டாப்பைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, என்னாச்சு என்றேன். ரசம் கொட்டிவிட்டது என்றாள். அப்புறம் என்றேன். குழாயில் பிடித்துக் கழுவினேன் என்றாள். அப்புறம் என்று கேட்க எனக்கே மனசு வரவில்லை. இது வேறு டிப்பார்ட்மெண்ட் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இன்னொரு வழக்கத்தையும் இங்கேயே சொல்லவேண்டும், பின்னால் அதுதான் வேலை வைத்தது. இந்த மலையில் வெப்சைட் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் காட்டேஜ் நடத்துகிறவர்கள். வெப்சைட்டைத் திறப்பதற்கு முன்னால், ரூம் பதிவாகிறதா என்று யாராவது ஒரு பேரைப் போட்டுப் பார்க்கவேண்டுமாம். என் மேல்வீட்டுக்காரர்கள் எப்போதும் என் பேரையும் என் போன் நம்பரையும்தான் போடுவார்கள். ராசியான பேர் என்று தாடிக்காரர் சொல்லுவார். அதனால் ஊட்டி, கோத்தகிரி, கூடலூர் வரை நான் ரூம் எடுக்காத காட்டேஜ் கிடையாது. எதற்கும் போனதும் கிடையாது. போன் கிணுங் என்று அடிக்கும், இங்கிலீஷில் ஏதோ வந்திருக்கும், திரும்ப இடுப்பில் சொருகிக்கொள்வேன்.

இப்படி நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் ஏஐ வந்தது.

அதைக் கொண்டுவரலாமா வேண்டாமா என்று டீ நேரத்தில் ஒரு வாரம் சண்டை. தாடிக்காரர் வேண்டாம் கட்சி. அவர் எழுதுவது ஒரு கறுப்புத் திரையில், வெள்ளை எழுத்து மட்டும், படம் கிடம் ஒன்றும் இல்லை. பதினெட்டு வருஷமாக அதேதான். அவர் கீபோர்டில் பாதி எழுத்து தேய்ந்து மொழுக்கென்று இருக்கும். அது எப்போது மக்கர் பண்ணும், எங்கே தட்டினால் சரியாகும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் அதை நம்புகிறேன் என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்தது. என் குக்கரும் அப்படித்தான். மூன்றாவது விசில் தானாக வராது, கரண்டிக் காம்பால் ஒரு தட்டு வைக்கவேண்டும். புதுக் குக்கர் பெட்டி பிரிக்காமல் பரண்மேல் இருக்கிறது.

அருவங்காட்டுப் பெண் வேண்டும் கட்சி. குறை தெரிந்தால்தான் நம்பிக்கை வரும் என்றால், பழகாமல் குறை எப்படித் தெரியும் என்று கேட்டாள். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. காதுக்கருவிக்காரர் யாருக்கும் ஓட்டுப் போடவில்லை, அவர் காதில் ஒன்றும் விழவில்லை. கடைசியில் பெண்தான் ஜெயித்தாள். அவலாஞ்சிப் பக்கம் ஒரு காட்டேஜ்காரர் கேட்டிருந்த வெப்சைட்டை அவள் தனியாக, ஏஐயை வைத்துச் செய்து காட்டவேண்டும். சரியாக வந்தால் ஆபீசுக்கே ஏஐ. சொதப்பினால் எல்லாரும் பழையபடி கறுப்புத் திரைக்கு வரவேண்டும், அவள் உட்பட. அது அவள் தனியாகச் செய்கிற முதல் வெப்சைட்.

அந்த வாரம் யாரும் படி இறங்கி வரவில்லை.

முதல் நாள் மழை என்று நினைத்தேன். இரண்டாம் நாள் வெயில் அடித்தது. மூன்றாம் நாள் நானே வேளை கெட்ட வேளையில் டீயோடு மேலே போனேன். அந்தப் பெண் திரையில் ஏதோ நாலு வரி தட்டினாள். தட்டி முடிக்கும் முன்னால் அந்தப் பக்கமிருந்து நாற்பது வரி வந்து விழுந்தது. என்னா சொல்லுது என்று கேட்டேன். நீங்கள் சொல்வது மிகச் சரி என்று ஆரம்பிக்கிறது என்றாள். தப்பாகச் சொன்னாலுமா என்றேன். தப்பாகச் சொன்னாலும்தான் என்று சிரித்தாள். தாடிக்காரர்கூட எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெறும் தட்டோடு இறங்கினேன். முக்காலியில் பூனை படுத்திருந்தது.

மறுநாளிலிருந்து டீயில் இஞ்சி போடுவதை நிறுத்தினேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டவர் காதுக்கருவிக்காரர். டம்ளர் எடுக்க நான் மேலே போனபோது, கருவியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு (இதுதான் அந்த இரண்டாவது தடவை) ஆறுதல் சொன்னார். எல்லா ஆபீசிலும் இப்படித்தான் மாறுகிறது, வருத்தப்படாதீர்கள் என்றார். அதோடு விட்டிருக்கலாம்.

"மத்த ஆபீஸ்ல உங்க வேலைக்கு ஒரு வாத்து வெச்சிருப்பாங்க, ஓனரம்மா."

எந்த வாத்து என்று கேட்டேன். போனில் படம் காட்டினார். மஞ்சள் ரப்பர் வாத்து. குழந்தைகள் குளிக்கும்போது தண்ணீரில் விடுவார்களே, அது. வெளிநாட்டில் கம்ப்யூட்டர்க்காரர்கள் அதை மேஜைமேல் வைத்துக்கொண்டு அதனிடம் சிக்கலைச் சொல்லுவார்களாம். சொல்லச் சொல்லத் தங்கள் தப்பு தங்களுக்கே தெரிந்துவிடுமாம். வாத்து ஒன்றும் பேசாதாம்.

நாலு வருஷம். எத்தனை படி பட்டாணி. கடைசியில் நான் பார்த்த உத்தியோகம் வாத்து உத்தியோகம்.

இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் கண் காட்ட ஊட்டிக்குப் போனேன். திரும்பும்போது ஏரிப் பக்கம் கடைகளில் பார்த்தால், பிளாஸ்டிக் கூடையில் அதே வாத்து, மஞ்சள் மஞ்சளாக, வாயை இளித்துக்கொண்டு. ஒன்றைக் கையில் எடுத்து, நம்மைவிட இதில் என்ன இருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைக்காரர் பேரப்பிள்ளைக்கா என்று கேட்டார். ஆபீசுக்கு என்றேன். வாங்கிவிட்டேன்.

ஜன்னல் திட்டில் வைத்து, சரி, உன் சாமர்த்தியத்தைப் பார்ப்போம் என்று அதன் முன்னால் உட்கார்ந்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அது சும்மாவே இருந்ததால், அதற்கும் சேர்த்து நானே அப்புறம் அப்புறம் என்று கேட்டுக்கொண்டேன். ஏஐ வந்துவிட்டது. அப்புறம்? என்னை மதிக்கவில்லை. அப்புறம்? டீயில் இஞ்சி இல்லாததுகூடத் தெரியவில்லை. அப்புறம்? அப்புறம் என்ன, ஒரு வாரமாக இந்த அடுப்படியில் மனுஷக் குரல் இல்லை. வேலை போனதைப் பற்றி எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வாத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் உலை வைத்தேன். கெட்டிக்கார ஜந்து.

இதற்குள் மேலே கதை கெட்டுப்போயிருந்தது. அவலாஞ்சி வெப்சைட்டை மறுநாள் காலை பத்து மணிக்குக் காட்டேஜ்காரருக்குத் திறந்து காட்டவேண்டும். சீசன் தொடங்குகிற நேரம். காட்டேஜில் ஆறு ரூம். இன்னும் ஒருத்தர்கூடப் பதிவு செய்யவில்லை. ஆனால் வெப்சைட் ஆறு ரூமும் நிரம்பிவிட்டது, இடம் இல்லை என்கிறது. எந்தத் தேதியைத் தட்டினாலும் இடம் இல்லை.

பெண் ஏஐயிடம் சொன்னாள். நீங்கள் சொல்வது மிகச் சரி, இதோ சரிசெய்துவிட்டேன் என்றது. இடம் இல்லை. மன்னிக்கவும், இப்போது உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றது. இடம் இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை பதினான்கு உண்மையான காரணம். போகாத ஊருக்கு வழி கேட்டவளுக்கு, அது சலிக்காமல் வழி சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நாலு மணிக்குத் தாடிக்காரர் அவள் பின்னால் வந்து நின்றாராம். திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, நான் பார்க்கட்டுமா என்று மட்டும் கேட்டாராம். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. எட்டு நாள் கழித்துக் கேட்கிறேன். பூனையை முக்காலியிலிருந்து தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி பட்டாணியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். அந்தப் பெண் வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. உங்களிடம் சொன்னால் மட்டும் என்ன ஆகப்போகிறது, அதற்கே தெரியவில்லை என்றாள். எனக்கும் ரோஷம் உண்டு. இருந்தாலும் பிள்ளைமடுவத்து வாய் சும்மா இருக்காதே.

"முதல்லயிருந்து சொல்லு புள்ள. காட்டேஜில எத்தன ரூமு?"

ஆறு என்றாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, யாராவது பதிவு செய்தால் பெட்டி மூடிக்கொள்ளும், கிளம்பிப் போனால் திறந்துகொள்ளும். அப்புறம் என்றேன். போன வாரம் எல்லாம் கட்டி முடித்ததும் சரியாக மூடுகிறதா என்று போட்டுப் பார்த்தாளாம். யார் பேரைப் போட்டாய் என்று கேட்டேன். வேறு யார் பேர், உங்கள் பேர்தான் என்றாள். ஆறு ரூமிலும்.

ஆறிலுமா என்றேன். ஒரு ஆளுக்கு எதற்கு ஆறு ரூம், தலையை எங்கே வைக்கிறது, காலை எங்கே நீட்டுகிறது. சீசன் முடிகிற வரைக்கும் போட்டேன், எல்லாத் தேதியும் மூடுகிறதா என்று தெரியவேண்டும் இல்லையா என்றாள். நன்றாக மூடியதாம்.

"அப்புறம்?"

"அப்புறம் நானு..." என்றவள் வாயைத் திறந்தபடியே இருந்தாள்.

நான் ஒரு பட்டாணியை உரித்துப் போட்டுவிட்டு, எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ளவேண்டி இருந்ததால் கேட்டேன்.

"நான் ரூமைக் காலி பண்ணுனேனா?"

அவள் என்னையே பார்த்தாள். இடுப்பிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தேன். போன வாரம் ஒரே நேரத்தில் விடாமல் கிணுங் கிணுங் என்று அடித்தது நினைவிருந்தது. கோபத்தில் இருந்ததால் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. ஆறு செய்தி. தங்கள் வருகைக்கு நன்றி, தங்கள் அறை உறுதி செய்யப்பட்டது. காலி பண்ணியதாக ஒரு செய்தியும் இல்லை.

வெப்சைட்டில் பழுதே கிடையாது. ஆறு ரூமும் நிஜமாகவே நிரம்பித்தான் இருந்தது, ஆறிலும் நான்தான் குந்தியிருந்தேன். சரியாக இருந்ததை ஏஐ பதினான்கு தடவை சரிசெய்திருக்கிறது. அதன்மேல் பழியைப் போட எனக்கு ஆசைதான். ஆனால் என் பேரைப் போட்ட கதையை அவள் அதனிடம் சொல்லவே இல்லை. சொல்லி முடிக்க அது விட்டிருந்தால்தானே.

அவள் படியில் ஓடினாள். பதினான்கு சரிசெய்தலையும் பிரித்து எடுத்துப் பழையபடி வைக்க இருட்டும் வரை ஆனது. அதைச் செய்து கொடுத்தது அந்த ஏஐயேதான், அதில் குறை சொல்லக்கூடாது, சுத்தமாகச் செய்தது. என் போன் ஆறு முறை அடித்தது. தங்கள் பதிவு ரத்து. பெண் படித்துச் சொன்னபோது, வீட்டைக் காலி செய்கிற மாதிரி எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரியாக இருந்தது. மறுநாள் பத்து மணிக்குக் காட்டேஜ்காரர் பார்த்தார், தலையாட்டினார், பெண் ஜெயித்தாள்.

அதற்குப் பிறகுதான் நான் என் கையாலேயே என் உத்தியோகத்துக்கு உலை வைத்துக்கொண்டேன். அந்த ஏஐ தினமும் வேலை தொடங்கும் முன் படித்துக்கொள்ள ஒரு காகிதம் மாதிரி எழுதி வைக்கலாமாம். இந்த ஆபீசில் இப்படி நடந்துகொள், இதைச் செய், இதைச் செய்யாதே என்று. அதை எழுதப் போனவர் தாடிக்காரர். வேண்டாம் கட்சிக்காரர், கறுப்புத் திரையைத் திறந்து, மொழுக்குக் கீபோர்டில் தட்டி எழுதினார். முதல் வரி நான் சொல்லவேண்டும் என்று மேலே கூப்பிட்டார்கள். பெருமை கண்ணை மறைத்துவிட்டது. பதில் சொல்லும் முன் மூன்று தடவை அப்புறம் என்று கேட்கச் சொல்லுங்கள் என்றேன்.

எழுதினார்கள். உடனே கேட்டது. திரையில் தமிழில், அப்புறம்? நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். மூன்று பேரும் கை தட்டினார்கள். நான் பதினோரு படியையும் இறங்கி வந்து உட்கார்ந்த பிறகுதான், என்ன காரியம் செய்தேன் என்பது உறைத்தது. இனி யார் இறங்கி வருவார்கள்? வாத்தை நிமிர்த்தி வைத்தேன். அதுவும் நானும் ஒரே ஜாதி ஆகிவிட்டோம்.

மறுநாள் காலை டீ கொடுத்தேன், இஞ்சி போட்டுத்தான். வந்துவிட்டேன். பட்டாணிகூட வாங்கவில்லை, யாருக்காக உரிக்கிறது என்று. பதினோரு மணி இருக்கும், படியில் செருப்புச் சத்தம். தாடிக்காரர். முக்காலியில் உட்கார்ந்தார். ஜன்னலில் இருந்த வாத்தைப் பார்த்தார். எது சிக்கியது என்று கேட்டேன்.

"ஒண்ணும் சிக்கலீங்க. சும்மாத்தான் வந்தேன்."

ஏன், அங்கேதான் கேட்க ஆள் இருக்கிறதே என்றேன். கேட்கிறது, நன்றாகவே கேட்கிறது, நான்காவது தடவை சரியான பதிலும் சொல்லிவிடுகிறது என்றார். ஆனால் இஞ்சி போடாத டீயை அத்தனை நாள் ஒன்றும் சொல்லாமல் குடித்ததை அதனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றார்.

தெரிந்திருக்கிறது. மூன்று பேருக்கும் முதல் நாளே தெரிந்திருக்கிறது. பயத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பி, குக்கரை ஒரு தட்டு தட்டினேன். மூன்றாவது விசில் வந்தது.

"அப்புறம்?" என்றேன்.